பத்துச் சினைப் பன்றிகளுக்கு ஒரு சமாதானத் தூதர்

உலகில் சண்டைக்காரர் என்றொரு கூட்டம் உண்டு. அவர்களுடைய குரல் தொலைவிலேயே கேட்டுவிடும் ஆகையால், வேறு தெருவால் போய்த் தப்பிக்கொள்ளலாம். சமாதானக்காரர் என்று இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் மெல்ல நடந்து வருவார்கள், புன்னகை பூத்து வருவார்கள், குடையோடு வருவார்கள். தப்ப வழியே கிடையாது.

வாசகரே, இந்த இரண்டாம் இனத்தவரை நீங்கள் அறியாமலிருக்க முடியாது. கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு கணவனும் மனைவியும் கத்தரிக்காய் வாங்குவதா பூசணிக்காய் வாங்குவதா என்று ஒரு கணம் பேசாமல் நின்றால், அந்த ஒரு கணத்துக்குள் எங்கிருந்தோ முளைத்து, இருவருக்கும் நடுவே குடையை ஊன்றி, "என்ன பிள்ளையள், என்ன பிரச்சினை?" என்று கனிவொழுகக் கேட்டு, "ஒண்டுமில்லை ஐயா" என்று அவர்கள் சொன்னால், "ஒண்டுமில்லை எண்டு மறைக்கிறியள் பாருங்கோ, அதுதான் பிரச்சினை" என்று மனைவியை மீன்கடைப் பக்கமும் கணவனைக் கீரைக்கடைப் பக்கமும் அழைத்துப் போய்த் தனித்தனியே மனக்குறை கேட்டு, அரைமணி நேரத்தின் பின் இருவரையும் ஒன்றாக நிறுத்தும்போது, பத்தாண்டு இல்லறத்தில் அவர்களுக்கே தெரியாமல் உறங்கிக் கிடந்த பதினான்கு குறைகளைத் தட்டியெழுப்பிக் கையில் கொடுத்துவிட்டுப் போவாரே, அவர்தான். கத்தரிக்காய் கடையிலேயே கிடக்கும்.

வெள்ளவத்தை நாகேந்திரம் அவர்கள் அவ்வினத்தின் நெற்றித் திலகம். அரசாங்க எழுதுவினைஞராக முப்பத்தைந்து ஆண்டு கடமையாற்றி இளைப்பாறியவர். வைகறையில் நீராடி, நீறணிந்து, பதிகம் ஒன்றைப் பண் பிசகாமல் பாடி முடித்தாரானால், அவருடைய மனம் சண்டையைத் தேடத் தொடங்கும். தீர்த்து வைப்பதற்காகத்தான், வேறு நோக்கம் இல்லை. "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்பது அவருடைய மூலமந்திரம். அவர் குடியிருந்த ஒழுங்கையில் எட்டு வீடுகள். அவருடைய இருபதாண்டுத் தொண்டின் பயனாக, அங்கே எந்த வீட்டாரும் எந்த வீட்டாரோடும் கதைப்பதில்லை. ஒழுங்கை அமைதியாக இருந்தது. அமைதிக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

இது நிகழ்ந்தது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில். போர்நிறுத்த உடன்படிக்கை தாளில் இருந்தது. எறிகணைகள் தாளை வாசிக்காமலே விழுந்துகொண்டிருந்தன. கொழும்பிலோ சமாதானத்துக்குக் குறைவில்லை. குளிரூட்டிய மண்டபந்தோறும் சமாதானப் பட்டறை, கழுத்துதோறும் பெயரட்டை, மதிய உணவின் இறுதியில் வட்டிலப்பம். இத்தனை சமாதானம் நடந்தும், ஒன்றுக்காவது நாகேந்திரம் அழைக்கப்படவில்லை. அந்தப் புண் அவருடைய நெஞ்சில் ஆறாதிருந்தது.

அதற்கு மருந்து மட்டக்குளியிலிருந்து வந்தது.

கொழும்பின் வடகோடியில், மட்டக்குளியில், ஆற்றோரமாக ஒரு சிறு காணியில் மெற்றில்டா என்பவள் பன்றி வளர்த்தாள். அவளுடைய கணவன் றேமண்ட் கடற்றொழிலாளி. பாதுகாப்பு என்று கடலை அடைத்தபின் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. படகின்மேல் றேமண்ட் மல்லாந்து கிடந்தான். வீட்டில் உலை கொதித்தது பன்றிகளால்தான். பத்துத் தாய்ப்பன்றிகள் இருந்தன. சினைப்பட்டால் ஒவ்வொன்றையும் திரும்பவும் இடமில்லாத கம்பிக்கூட்டில் தனித்து அடைப்பது அதுவரை இருந்த வழக்கம்.

"இது கொடுமை, சினைப்பன்றிகளும் காலாற நடக்கவேண்டும், தம் இனத்தோடு கூடி வாழவேண்டும்" என்று ஒரு வெளிநாட்டு நிறுவனம் முன்வந்தது. அதில் பிழை காண ஒன்றுமில்லை. மெற்றில்டாவுக்கும் அது மனதுக்கு உவப்பாகவே இருந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து வாய் நுரைத்து நின்ற பிராணிகளை நாள்தோறும் பார்த்தவள் அவள். நிறுவனத்தார் பெரிய கொட்டில் ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். தாயொன்றுக்கு இருபத்தைந்து சதுரஅடி, வைக்கோற் படுக்கை, மறைந்து நிற்க அரைச்சுவர், படுத்துப் புரளச் சேற்றுக்குழி. வடக்கிலிருந்து ஓடிவந்து வெள்ளவத்தை லொட்ஜ் அறைகளில் ஒன்பது பேராய் நெருங்கிக் கிடந்த குடும்பங்கள் இக்கணக்கைக் கேள்விப்பட்டிருந்தால், மட்டக்குளிக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கும்.

ஆனால் நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்தது. எல்லாச் சமயத்தாரும் அடங்கிய மேற்பார்வைக் குழு ஒன்று வேண்டும். முஸ்லிம் அன்பர் ஒருவர் வாழ்த்துக் கடிதம் அனுப்பி அதோடு நிறுத்திக்கொண்டார். பௌத்தப் பெரியவர் முதற் கூட்டத்துக்கு வந்து, தேநீர் அருந்தி, கண்டிக்கு மாற்றலாகிப் போனார். கத்தோலிக்கர் சார்பில் பங்குத்தந்தை. அவருக்கோ பூசைக்கும் பிணத்துக்குமே நேரம் போதவில்லை. இந்துக்களின் ஆசனத்தில் நாகேந்திரம் அமர்ந்தார். எழுந்திருக்கவேயில்லை.

முட்டையும் தீண்டாத சைவர் பன்றிக்கொட்டிலுக்குப் போவதா என்று ஒழுங்கையில் ஒருவர் கேட்டார். நாகேந்திரம் விடை வைத்திருந்தார். தாயை இழந்த பன்றிக்குட்டிகள் பசியால் கதறியபோது, மதுரைச் சொக்கநாதர் தாமே தாய்ப்பன்றியாக எழுந்தருளி முலை கொடுக்கவில்லையா? ஆலவாய் அண்ணல் பால் கொடுத்தார். அடியவன் ஆலோசனை கொடுக்கக்கூடாதா? ஆனாலும், பாலுக்கும் ஆலோசனைக்கும் உள்ள வேறுபாட்டைக் குட்டிகள் அறியும்.

கொட்டில் திறந்த அன்று பத்துத் தாய்களையும் ஒன்றாக உள்ளே விட்டாள் மெற்றில்டா. விட்டதுதான் தாமதம், மகாராணி என்ற பெரிய வெள்ளைச்சியும் கறுப்பி என்ற கரியவளும் தோளோடு தோள் முட்டி, காதைக் கடித்து, கொட்டில் அதிர உறுமிக்கொண்டு சுழன்றன. மற்றவையும் தத்தம் தகுதிக்கேற்ப அவ்வாறே செய்தன. மெற்றில்டா அசையவில்லை. தவிட்டையும் சாப்பாட்டுக் கடை மிச்சத்தையும் ஒரே தொட்டியில் கொட்டாமல் கொட்டில் முழுதும் பரப்பி வீசினாள்.

"ரெண்டு மூணு நாள் அடிபடுவாளுகள் ஐயா," என்றாள். "யாரு பெரியவ, யாரு சின்னவ எண்டு தெரியணும். தெரிஞ்சா முடிஞ்சுது. பிறகு பாருங்க, ஒருத்தி வயித்தில மத்தவ தலைய வச்சிக்கிட்டுப் படுப்பாளுகள்."

"பெரியவர் சிறியவர் எண்ட பேதம் இருக்கிற இடத்தில நிலையான சமாதானம் வராது, பிள்ளை," என்றார் நாகேந்திரம்.

"அது மனுசருக்கு ஐயா. இதுகள் பன்டி."

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு."

மெற்றில்டாவின் கவலை வேறொன்று. கொட்டிலின் மூலையில், அரைச்சுவரின் பின்னே, சீமாட்டி என்ற இளையவள் ஒடுங்கி நின்றாள். பிறந்த அன்றே தாய் செத்துப்போக, போத்தலில் பால் புகட்டி மெற்றில்டா வளர்த்த குட்டி அது. இரண்டு முறை ஆண்பன்றியிடம் விட்டும் சினை தங்கவில்லை. "மூன்றாவது முறையும் வெறுவயிறென்றால் எனக்குத் தாருங்கள்" என்று இறைச்சிக்கடைக்காரன் றேமண்டிடம் சொல்லி வைத்திருந்தான். உலையைப் பார்த்து றேமண்டும் சரியென்றிருந்தான். இப்போது மூன்றாவது முறை. சினைப்பட்டு மூன்று கிழமை, இருபத்தொரு நாள். இந்தப் பருவத்தில் ஓயாமல் அடியும் கடியும் பட்டால் கரு கலைந்துவிடும். இரண்டு மூன்று நாள் தாங்குவாள், அதற்குமேல் தாங்கமாட்டாள். மெற்றில்டா புனித அந்தோனியாரிடம் அந்த இரண்டு மூன்று நாளைத்தான் கேட்டிருந்தாள்.

அந்தோனியார் கொடுத்திருப்பார். நாகேந்திரம் கொடுக்கவில்லை.

மறுநாட் காலையில் பலகைகளோடு வந்தார். கறுப்பியின் பக்கத்தார் ஐவரை இடப்புறமும் மகாராணியின் பக்கத்தார் ஐவரை வலப்புறமும் பிரித்து நிறுத்தினார். நடுவில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, மூக்கைச் சால்வையால் பொத்தி அமர்ந்து, இரண்டு நாள் இரு தரப்பையும் அவதானித்தார். குறிப்பேட்டில் எழுதினார். மூன்றாம் நாள் பலகையை எடுத்து, "இப்ப அன்பாச் சேருங்கோ" என்றார். சேர்ந்தன. முதல் நாள் எந்த எழுத்தில் தொடங்கினவோ, அதே எழுத்தில் மறுபடி தொடங்கின. ஏனென்றால், வரிசை முடிவாகுமுன் பிரித்துவிட்டால் அதுவரை அடிபட்டதெல்லாம் வீண். சேர்த்தவுடன் முதலிலிருந்து சண்டையிட்டே புது வரிசை காணவேண்டும்.

"ஐயா, அதுகள பிரிக்காதீங்க! அடிபட்டு முடிக்க விடுங்க!"

"சண்டையைக் கண்டும் சும்மா இருக்கச் சொல்லுறியே பிள்ளை? அதுதான் இந்த நாட்டில எல்லாரும் செய்யிற பிழை."

மறுபடி பிரித்தார். மறுபடி சேர்த்தார். இவ்வாறு பத்து நாளில் நான்கு சமாதானங்கள் செய்தார். ஐந்து போர்கள் நடந்தன. சீமாட்டியின் இடக்காது கிழிந்தது. பின் தொடையில் பற்குறி விழுந்தது. தீனைக் கண்டும் மூலையைவிட்டு வரவில்லை. மெற்றில்டா வேலிக்கு மேலால் அயல்வீட்டு யோசெப்பினைக் கூப்பிட்டு அழுதாள். யோசெப்பின் அவளுக்கு இருபதாண்டுத் தோழி. ஒரு வீட்டுக் கறி மறுவீட்டுச் சோற்றோடு சேராத நாள் கிடையாது.

"மரியாதைக்குரிய ஆள் எண்டு பாக்கிறன், மெற்றில்டாக்கா. இல்லாட்டி அந்தக் குடையைப் புடுங்கி ஆத்தில எறிஞ்சிருப்பன்," என்றாள் யோசெப்பின்.

ஐந்தாம் சமாதானத்துக்கு வரும் வழியில்தான் தூதருக்கே சோதனை வந்தது. அப்போது கொழும்பில் நாற்சந்திதோறும் சோதனைச் சாவடி. பேருந்திலிருந்து இறக்கி வரிசையில் விட்டார்கள். "கொஹெத யன்னே, சீயா?" என்று மரியாதையாகவே கேட்டான் இளஞ்சிப்பாய்: எங்கே போகிறீர்கள், தாத்தா? நாகேந்திரம் தமக்குத் தெரிந்த சிங்களத்தைத் திரட்டி, "ஊரோ. சாம சாகச்சா," என்றார். பன்றிகள், சமாதானப் பேச்சு. சிப்பாய் தன் காதை நம்பாமல் பையைத் திறந்தான். உள்ளே ஒரு வரைபடம் இருந்தது. கறுப்பி அணி, மகாராணி அணி. வடக்கு மூலை, கிழக்கு வாயில். இரு தரப்பும் நகரும் திசை சிவப்பு அம்புக்குறியில். நடுவே பச்சை மையில் 'எவரும் நுழையக்கூடாத வலயம்'.

வாசகரே, போர்க்காலத்துக் கொழும்பில், தமிழ் எழுத்தில், அம்புக்குறியிட்ட வரைபடத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த மனிதர் எத்தனை பேர் இருப்பார்கள்? அது பன்றிக்கொட்டில் என்று எத்தனை முறை சொன்னாலும் யார்தான் நம்புவார்கள்?

மூன்று நாள் ஒரு காவல் நிலைய மர வாங்கில் அமர்ந்திருந்தார். அடிக்கவில்லை; தேநீர் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பங்குத்தந்தை கடிதத்தோடு போய்ப் பிணை நின்றார். கடிதத்துக்கே அவசியமில்லை என்று பின்னர் தெரியவந்தது. அந்த நிலையத்தில் ஒரே அறையில் தங்கி ஒரே தட்டில் சோறும் சம்பலுமாய்ப் பிசைந்து உண்டுவந்த இரு காவலர்களுக்கு, நாகேந்திரம் அங்கிருந்த காலத்தில், பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது. பொறுப்பதிகாரி தந்தையிடம் கும்பிடாத குறையாகச் சொன்னாராம்: "ஃபாதர், இவரை உடனே கூட்டிக்கொண்டு போங்கள்."

அந்த மூன்று நாளில் கொட்டிலில் என்ன நடந்தது? பலகை இல்லை, கதிரை இல்லை, குறிப்பேடு இல்லை. முதல் நாள் அடிபட்டன. இரண்டாம் நாள் பகலோடு கறுப்பி தலைமை ஏற்றாள், மகாராணி வழிவிட்டாள், மற்றவை தத்தம் இடம் அறிந்தன. மூன்றாம் நாள் நண்பகலில் மெற்றில்டா எட்டிப் பார்த்தபோது, பத்தும் வைக்கோலில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறங்கின. கறுப்பியின் வயிற்றில் தலை வைத்துக் கிடந்தாள் சீமாட்டி. மெற்றில்டா அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினாள். யோசித்துவிட்டு, சோதனைச் சாவடிச் சிப்பாயின் பெயராலும் ஒன்று ஏற்றினாள்.

நான்காம் நாள் நாகேந்திரம் வந்து நின்றார். உறங்கும் கூட்டத்தைக் கண்டார். முதலில் அவருடைய முகத்தில் வெற்றிக்களிப்பு. அடுத்த கணம், ஒருவகை ஏக்கம். தீர்க்க ஒன்றுமில்லாத கொட்டிலில் தீர்ப்பவருக்கு என்ன வேலை?

"நல்லது பிள்ளை. முதற்கட்டம் முடிஞ்சுது. இனி ரெண்டாங்கட்டம். இதில ஐஞ்சு பேரைப் பேலியகொடைப் பக்கத்துப் பட்டி ஒண்டுக்கு அனுப்பி, அங்கயிருந்து ஐஞ்சு பேரை இங்க எடுப்பம். புரிந்துணர்வுப் பரிமாற்றம். கிழமைக்கு ஒருக்கால்."

மெற்றில்டாவின் கண் சீமாட்டியின் வயிற்றில் நின்றது. வைதால் குழுவில் முறைப்பாடு. குழு முறைப்பாடு எழுதினால் கொட்டில் போய்விடும். கொட்டில் போனால் திரும்பவும் கம்பிக்கூடு. அழுதால், அழுகைக்கும் இரண்டு பக்கம் கண்டுபிடிப்பார். அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. நாய்க்கு எலும்பு எறிவதுபோல இவருக்கு ஒரு சண்டை எறிந்தாலென்ன?

வேலியண்டை போய்க் கூவினாள்: "அடியே யோசெப்பின்! உன்ட ஈரச் சேலை என்ட கூரையில சொட்டுது, உனக்குக் கண்ணில்லையா?"

யோசெப்பின் சேலை உலர்த்திய கையோடு திகைத்தாள். மெற்றில்டா கண்ணைச் சிமிட்டினாள். இருபதாண்டுத் தோழிக்கு அது போதும்.

"உன்ட பன்டி நாத்தம் என்ட சேலையில ஏறுது, அதுக்கு யாருட்டச் சொல்ல?"

நாகேந்திரத்தின் முகம் மலர்ந்தது. பரிமாற்றம், பேலியகொடை, பன்றிகள், எல்லாம் அவர் நெஞ்சைவிட்டு நீங்கின. "பொறுங்கோ, பொறுங்கோ," என்று குடையை ஊன்றிக்கொண்டு வேலிக்கு விரைந்தார். "என்ன பிள்ளையள், என்ன பிரச்சினை?"

மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள். பன்றி சினை சுமக்கும் காலம் அது. அதில் இரண்டரை மாதம் மீதியிருந்தது. இரு பெண்களும் நாள்தோறும் காலை பத்து மணிக்குத் தவறாமல் சண்டை பிடித்தார்கள். தூதர் கொட்டிற் பக்கம் திரும்பவில்லை. சீமாட்டி கொழுத்தாள், வயிறு தரை தொட்டது. முதல் இரண்டு கிழமை, அவர் பேருந்தேறிய பின் இரு பெண்களும் வேலியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மூன்றாம் கிழமை, தூதர் தம் வழக்கப்படி தனித்தனியே மனக்குறை கேட்டார். அன்று மெற்றில்டாவிடம் வந்து, "கோவிக்காதையுங்கோ பிள்ளை, உங்கட கறியில எப்பவும் ஒரு கல்லு உப்புக் கூடவாம், இருபது வருசமாச் சகிச்சுச் சாப்பிடுறாவாம்," என்றார்.

"அப்பிடிச் சொன்னாளா?" என்று சிரித்தாள் மெற்றில்டா. நடிப்புக்குச் சொன்னதுதானே. உலையண்டை போனாள். கறியைக் கிளறினாள். ருசி பார்த்தாள். உப்பு ஒரு கல் கூடத்தான் இருந்தது. நடிப்புக்கென்றால் இவ்வளவு சரியாக எப்படிச் சொல்ல வரும்?

மறுநாள் அவளும் ஒன்று சொன்னாள், யோசெப்பினின் மகளுடைய திருமணத்தில் பரிமாறிய மீன் நாறியதைப் பற்றி. நடிப்புக்குத்தான். அதுவும் சரியாக இருந்தது. தூதர் அதை வேலிக்கு மறுபுறம் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். மாதம் ஒன்று கழிந்தபோது, பத்து மணிச் சண்டைக்குப்பின் சிரிப்பு நின்றது. இரண்டாம் மாதத்தில் சண்டையும் நின்றது. இருவரும் பேசுவதே இல்லை. சமாதானம் கைகூடிவிட்டதென்று நாகேந்திரம் குறிப்பேட்டில் எழுதி, அதைக் காவல் காக்க நாள்தோறும் வேலியண்டையே நின்றார்.

சீமாட்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை மணி அடிக்கும் வேளையில், நோவு கண்டது. தனித்தடுப்பில் வைக்கோல் பரப்பிப் படுக்கவிட்டிருந்தாள் மெற்றில்டா. ஒரு குட்டி வந்தது. இரண்டு, மூன்று. நான்காவது வழியில் சிக்கியது. சீமாட்டி முக்கினாள், முனகினாள், கண் செருகினாள். மெற்றில்டாவின் கை பெரிய கை, உள்ளே போகாது. சிக்கியது வராவிட்டால் பின்னால் உள்ளவையும் வரா, தாயும் பிழையாள். அந்தத் தெருவில் சிறிய கை யாருடையது என்பது அவளுக்குத் தெரியும். வேலியைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பது?

வேலி அசைந்தது. யோசெப்பின், பூசைக்கு உடுத்த சேலையோடு, ஓலையை விலக்கிக்கொண்டு வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. குந்தினாள். முழங்கைவரை எண்ணெய் பூசினாள்.

"துணி."

மெற்றில்டா கொடுத்தாள்.

"வயித்த நீவி விடு. மெதுவா."

நீவினாள். யோசெப்பின் கையை உள்ளே விட்டு, கண்ணை மூடி, செபமொன்று முணுமுணுத்து, வழுக்கிக்கொண்டு ஒன்றை வெளியே எடுத்தாள். மூக்கைத் துடைத்து ஊதினாள். அது கத்தியது. பிறகு மடைதிறந்தாற்போல் வந்தன. பதினொரு குட்டிகள். பதினொன்றும் முலை தேடிச் சரிந்தன. இரு பெண்களும் வைக்கோலில் தோளோடு தோள் முட்டி இருந்தார்கள்.

"கடைசிக் குட்டி உன்னப் போல, ஓரமாப் போய் நிக்குது," என்றாள் யோசெப்பின், குட்டியைப் பார்த்தபடி.

மெற்றில்டா அவள் பக்கம் திரும்பினாள். "யோசெப்பின், அந்த உப்பு..." என்று தொடங்கினாள்.

வாசற் படலை திறந்தது.

"ஆகா! ஆகா!" என்று கை குவித்து நின்றார் நாகேந்திரம். "என்ர கண்ணால காணக் கிடைச்சுதே! ஆனா இப்பிடி முறையில்லாமல் சேரக்கூடாது பிள்ளையள். நிலைக்காது. எழும்புங்கோ. ரெண்டு பேரும் ஆளுக்காள் மன்னிப்புக் கேட்டு முறையாத் தொடங்குங்கோ. சொல்லுங்கோ, ஆர் முதல்?"

யார் முதல்? யோசெப்பின் மெற்றில்டாவைப் பார்த்தாள். மெற்றில்டா யோசெப்பினைப் பார்த்தாள். இருவருடைய தோள்களுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழுந்தது. பிறகு ஒரு சாண். யோசெப்பின் எழுந்து, வாளியில் கை கழுவி, ஈரத்தைச் சேலையில் துடைத்து, வந்த வழியே ஓலையை விலக்கிக்கொண்டு போனாள். தடுப்பின் உள்ளே சீமாட்டி நெடுமூச்செறிந்து, பதினொரு வாய்க்கும் வயிற்றைக் காட்டிச் சரிந்து படுத்தாள்.

ஆக, பன்றிகள் நலம். அந்த இரு பெண்களும் இன்னும் பேசுவதில்லை. இருவரும் நல்லவர்கள், காரியமோ ஒரு கல் உப்பு. யாராவது பக்குவமான ஒருவர் போய், இருவரையும் தனித்தனியே அழைத்து, இதமாக இரண்டு வார்த்தை எடுத்துச் சொன்னால் முடிந்துவிடக்கூடிய சங்கதிதானே என்று, வாசகரே, இப்போது உங்கள் நெஞ்சில் ஒன்று மெல்லக் குறுகுறுக்கவில்லையா? மட்டக்குளிக்குப் பேருந்து எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று மனம் விசாரிக்கவில்லையா? கை தானாகவே குடையைத் தேடவில்லையா?

தயவு செய்து உட்காருங்கள். அவர்களைச் சும்மா விட்டால், இரண்டு மூன்று நாளில் அவர்களே பேசிக்கொள்வார்கள்.